பக்தபூரின் பிஸ்கா ஜாத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முக்திநாத்துக்கும் பசுபதிநாதர் கோயிலுக்கும் யாத்திரை சென்று திரும்புகிறவர்களில் சிலர், சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாள்களில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் தங்க நேரிட்டு, பக்தபூர் என்னும் பழைய நகரத்தில் ஒரு பெரிய தேரையும் வானளாவிய கம்பத்தையும் கண்டு வியந்து வருகின்றனர். அவர்களும், இணையத்தில் காணொளி பார்த்தவர்களும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவை கேட்டவர்களின் வாக்கிலேயே இங்குத் தொகுக்கப்பட்டுள்ளன.

பிஸ்கா ஜாத்திரை என்றால் என்ன? எங்கே நடக்கிறது?

காத்மாண்டுவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பக்தபூர் நகரம், நேபாள நாட்காட்டியின் புத்தாண்டை ஒட்டி ஒன்பது நாள்கள் கொண்டாடும் விழாவே பிஸ்கா ஜாத்திரை. நகரத்தின் பூர்வகுடிகளான நேவார் மக்கள் தங்கள் ஊரை 'க்வப' என்றே அழைக்கின்றனர். நேபாளி மொழியில் விழாவின் பெயர் 'பிஸ்கெட் ஜாத்ரா' என்று வழங்குகிறது. பைரவரும் பத்திரகாளியும் தேரேறி வீதியில் வருவதும், ஊருக்கு வெளியே உள்ள திடலில் ஏறத்தாழ 25 மீட்டர் உயரமுள்ள மரக்கம்பத்தை நட்டு, மறுநாள் மாலையில் அதைச் சாய்ப்பதும் இவ்விழாவின் இரு பெரும் நிகழ்ச்சிகள். கம்பத்துக்கு 'யோசின்' என்று பெயர்.

நேபாளம் முழுவதும் புத்தாண்டை இப்படித்தான் கொண்டாடுவார்களா? காத்மாண்டுவிலேயே பார்த்துவிட முடியாதா?

முடியாது. வைசாக மாதம் முதல் தேதி நாடு முழுவதற்கும் விடுமுறை. மக்கள் கோயிலுக்குச் செல்வர், உறவினரைக் காண்பர், இளைஞர்கள் சுற்றுலா கிளம்புவர். ஆனால் தேரும் கம்பமும் பக்தபூருக்கு உரியவை. அருகில் உள்ள திமி, போடே போன்ற சிற்றூர்களில் இதன் கிளைகள் போன்ற விழாக்கள் உண்டு. அவற்றைப் பற்றிப் பின்னர்ப் பார்ப்போம். காத்மாண்டுவின் பெருவிழாவான இந்திர ஜாத்திரை மழைக்காலத்தின் முடிவில் வருகிறது. பாடன் நகரின் மச்சேந்திரநாதர் தேர் வைசாகத்தில் தொடங்கினாலும் அது மழை வேண்டி எடுக்கும் விழா, புத்தாண்டோடு தொடர்பற்றது. ஆகவே 'நேபாளப் புத்தாண்டு விழா' என்று பொதுவாகச் சொல்லி இதைக் காட்டும் காணொளிகள் பாதி உண்மையையே சொல்கின்றன. இது ஒரு நாட்டின் விழா என்பதைவிட ஒரு நகரத்தின் விழா என்பதே பொருத்தம்.

நம் சித்திரைப் பிறப்பும் இதுவும் ஒரே நாள்தானா?

அடிப்படை ஒன்றுதான். சூரியன் மேட ராசியில் நுழையும் மேஷ சங்கராந்தியே தமிழருக்குச் சித்திரை முதல் நாள். நேபாளத்தாருக்கு வைசாகம் முதல் நாள். கேரளத்தின் விஷு, வங்காளத்தின் பொய்லா பொய்ஷாக், இலங்கையின் சிங்களப் புத்தாண்டு, தாய்லாந்தின் சோங்கிரான் ஆகியவையும் இதே கணக்கின் வழி வந்தவையே.

வேறுபாடு ஆண்டின் எண்ணில் உள்ளது. நமக்கு அறுபது பெயர்களைக் கொண்ட சுழற்சி; அவர்களுக்கு விக்கிரம சம்வத் என்னும் தொடர் எண். 2025 ஏப்ரல் 14 அன்று நாம் விசுவாவசு ஆண்டில் நுழைந்தபோது, அவர்கள் 2082இல் நுழைந்தனர்.

அப்படியானால் 2024இல் அவர்களுக்கு ஏப்ரல் 13, நமக்கு 14 என்று வந்தது எப்படி?

சூரியன் மேடத்தில் நுழையும் நொடி ஒன்றே. அந்த நொடியை எந்த நாளின் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் மரபுகள் வேறுபடுகின்றன. தமிழ்ப் பஞ்சாங்க வழக்கில், சூரியன் மறைவதற்கு முன் சங்கராந்தி நிகழ்ந்தால் அதே நாள் மாதப்பிறப்பு. மறைந்தபின் நிகழ்ந்தால் மறுநாள். 2024இல் அது ஏப்ரல் 13 இரவில் நிகழ்ந்தது. எனவே நமக்கு 14ஆம் தேதி குரோதி ஆண்டு பிறந்தது. நேபாளத்திலோ இரவில் நிகழ்ந்த நுழைவும் அந்த நாளுக்கே உரியதாகக் கொள்ளப்பட்டு, 13ஆம் தேதியே 2081 பிறந்துவிட்டது. பயணத் திட்டம் போடுவோர் தமிழ் நாட்காட்டியை நம்பிச் சீட்டு எடுத்துவிடாமல், நேபாளப் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வசந்தகாலப் புத்தாண்டு என்றால் பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் 21 அன்றல்லவா வரவேண்டும்?

ஒரு காலத்தில் அப்படித்தான் வந்தது. நம்முடைய சூரிய ஆண்டும் நேபாளத்தின் சூரிய ஆண்டும் விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டவை. பருவங்களின் ஆண்டைவிட அவை ஏறத்தாழ 20 நிமிடம் நீளமானவை. அந்தச் சிறு மிச்சம் சேர்ந்து சேர்ந்து, ஏறத்தாழ 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் சங்கராந்தி பிந்திக்கொண்டே போகிறது. சம இரவு நாளும் மேஷ சங்கராந்தியும் ஒன்றாக இருந்து 1,500 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இப்போது இடைவெளி மூன்று வாரத்துக்கும் மேல்.

ஒன்பது நாளும் என்ன நடக்கிறது? முக்கியமான நாள்கள் எவை?

புத்தாண்டுக்கு நான்கு நாள் முன்னதாக, தௌமதி சதுக்கத்தில் விழா தொடங்குகிறது. ஐந்து அடுக்குக் கூரையுடன் நிற்கும் ந்யாதபோல கோயிலும், மூன்று அடுக்குக் கூரையுடைய பைரவநாதர் கோயிலும் அருகருகே உள்ள சதுக்கம் அது. ஆண்டின் மற்ற நாள்களில் தேரின் மரச்சக்கரங்களும் சட்டங்களும் அந்தக் கோயில்களின் ஓரத்தில் சாத்திக் கிடக்கும். சுற்றுலாப் பயணிகள் அவை என்னவென்று தெரியாமலே அவற்றின்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வதுண்டு. விழா நெருங்கும்போது தச்சர்கள் அவற்றைக் கோத்துப் பிரம்பால் இறுகக் கட்டித் தேராக நிறுத்துகின்றனர். சக்கரங்களில் பெரிய கண்கள் எழுதப்பட்டிருக்கும். கோபுரம் போன்ற மேற்பகுதி, கல் பாவிய வீதியில் தேர் உருளும்போது பக்கவாட்டில் ஆடுவதைக் கீழிருந்து பார்ப்பவருக்கு வயிற்றைப் பிசையும். பத்திரகாளிக்குத் தனியே சிறிய தேர்.

முதல் நாள் மாலையில் தேர் இழுப்பு. ஆண்டின் கடைசி நாளில் தேர், சரிவான வீதி வழியே இறங்கி, நகரின் தென்புறத்தில் உள்ள யோசின்கேல் திடலை அடைகிறது. அன்றே அங்குக் கம்பம் நடப்படுகிறது. காட்டிலிருந்து வெட்டி இழுத்து வரப்பட்ட முழு மரத்தை, பல திசைகளில் கட்டிய வடங்களைக் கொண்டு நூற்றுக்கணக்கானோர் இழுத்தும் தளர்த்தியும் நிமிர்த்துகின்றனர். மறுநாள் வைசாகம் முதல் தேதி. மக்கள் ஹனுமந்தே ஆற்றில் நீராடி, திடலுக்கு வந்து கம்பத்தையும் தெய்வங்களையும் வணங்குவர். மாலையில் கம்பம் சாய்க்கப்படுகிறது. பின்வரும் நாள்களில் ஒவ்வொரு தெருவின் தெய்வமும் பல்லக்கில் வெளியே வரும். பைரவர் தேரும் பத்திரகாளி தேரும் ஒன்றோடொன்று மோதவிடப்படும், அது இரு தெய்வங்களின் சேர்க்கையைக் குறிப்பதாகச் சொல்வர். வைசாகம் ஐந்தாம் தேதி மீண்டும் தேர் இழுக்கப்பட்டு விழா நிறைவடைகிறது.

தேரை முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் இழுக்கிறார்களே, அது சண்டையா?

போட்டி, சில ஆண்டுகளில் சண்டையாகவும் மாறியிருக்கிறது. பக்தபூர் மக்கள் தங்கள் ஊரை மேலூர், கீழூர் என இரண்டாகப் பிரித்தே பேசுகின்றனர். நேவாரி மொழியில் தனே, க்வனே. தௌமதி சதுக்கம் இரண்டுக்கும் நடுவே உள்ளது. முதல் நாள் தேரின் இருபுறமும் வடம் கட்டி, மேலூரார் ஒருபுறமும் கீழூரார் மறுபுறமும் இழுப்பர். எந்தப் பக்கம் வலிமை மிகுகிறதோ அந்தப் பக்கத்துக்குத் தேர் முதலில் செல்லும். தோற்றவர்கள் பிறகு அதைத் தங்கள் பக்கம் இழுத்துச் செல்ல வேண்டும். தேரின்மேல் நிற்பவர்கள் 'ஹோஸ்டே' என்று குரல் கொடுக்க, கீழே வடம் பிடித்தவர்கள் 'ஹைன்சே' என்று பதில் கொடுத்து ஒரே மூச்சில் இழுப்பர்.

நம் ஊர்த் தேரோட்டத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது திகைப்பாக இருக்கும். நமக்குத் தேர் குறித்த வீதிகளைச் சுற்றி நிலைக்கு வருவதே ஒழுங்கு. எந்தத் தெருவில் எந்த நேரம் என்பதுகூட முன்கூட்டியே தெரியும். அங்கோ முதல் நாள் தேர் எந்தத் திசையில் போகும் என்பதே இழுக்கும் கைகளைப் பொறுத்தது. கற்களுக்கிடையே சக்கரம் சிக்கி, நள்ளிரவு வரை நகராமல் நின்றுவிடுவதும் உண்டு.

தேரின் முன்புறத்தில் மல்லாந்த நிலையில் கட்டப்பட்டிருக்கும் சிறிய உருவம் யாருடையது?

அது பேதாளம், விக்கிரமாதித்தன் கதை வழியாக நாம் அறிந்த அதே வேதாளம்தான். பைரவரின் துணையாகவும் ஊர்தியாகவும் அங்கு வழிபடப்படுகிறது. தௌமதியில் பைரவநாதர் கோயிலின் முகப்பில் கதவு இருந்தாலும் அதன் வழியே யாரும் நுழைவதில்லை. காணிக்கையைச் சிறு துளை வழியாக உள்ளே தள்ளுவர். உள்ளே செல்லும் உண்மையான வழி, ஒட்டியுள்ள சிறு பேதாளக் கோயிலின் ஊடாகவே அமைந்துள்ளது. தேரில் பேதாளத்தை முன்னே கட்டுவதும் அதே முறையின் தொடர்ச்சி எனலாம்.

கம்பத்தில் தொங்கும் இரண்டு நீளமான துணிகள் என்ன? பாம்பு என்கிறார்களே?

ஆம், அவை இரண்டு பாம்புகளைக் குறிக்கின்றன. ஊரார் சொல்லும் கதை இது. பக்தபூர் அரசனின் மகளுக்கு எந்த மணமகன் வந்தாலும் முதல் இரவைத் தாண்டி உயிரோடிருப்பதில்லை. எனவே ஊரில் வீட்டுக்கு ஒருவராக ஒவ்வோர் இரவும் இளைஞர்கள் அனுப்பப்பட்டு, காலையில் பிணமாகத் திரும்பினர். வெளியூரிலிருந்து வந்த இளவரசன் ஒருவன், தான் தங்கிய வீட்டின் ஒரே மகனுக்கு அன்று முறை என்று அறிந்து, அவனுக்குப் பதிலாகத் தானே செல்கிறான். மூதாட்டி உருவில் வந்த பத்திரகாளி, எக்காரணம் கொண்டும் உறங்காதே என்று அவனை எச்சரித்ததாகவும் சொல்வதுண்டு. இளவரசி உறங்கியபின் அவளுடைய மூக்குத் துளைகளிலிருந்து நூலிழை போன்ற இரண்டு வெளிவந்து, கண்ணெதிரே பருத்துப் பாம்புகளாயின. விழித்திருந்த இளவரசன் வாளால் அவற்றை வெட்டினான். மறுநாள் அரசன் அந்தப் பாம்புகளை உயர்ந்த கம்பத்தில் தொங்கவிட்டு ஊருக்குக் காட்டினான். அதன் நினைவாகவே ஆண்டுதோறும் கம்பம் என்பர்.

நேவாரி மொழியில் 'பி' என்றால் பாம்பு, 'ஸ்யாக' என்றால் கொன்ற; பிஸ்கா என்ற பெயரே இதிலிருந்து வந்தது என்பது ஊரார் நம்பிக்கை. கொடிகளோடு நிமிர்ந்த கம்பத்தைக் கண்டவரின் பகை அழியும் என்றும் நம்புவதால், இதற்குப் பகைவரை அழிக்கும் ஜாத்திரை என்ற பெயரும் உண்டு.

நான் வேறொரு கதை கேட்டேன். ஒரு மந்திரவாதியும் அவர் மனைவியும் பாம்பானார்கள் என்று. எது சரி?

இரண்டும் பக்தபூரில் வழங்குகின்றன. இரண்டாவது கதையில் சேகர ஆசாரியர் என்ற தாந்திரிகர் விரும்பிய உருவம் எடுக்க வல்லவர். மலைப்பாம்பு உருவத்தைக் காட்டும்படி மனைவி நச்சரிக்க, மந்திரித்த அரிசியை அவளிடம் கொடுத்து, பார்த்து முடித்ததும் அதைத் தம்மேல் தெளித்தால் பழைய உருவம் வரும் என்று சொல்லிப் பாம்பாகிறார். அவள் அஞ்சி ஓடும் பதற்றத்தில் கையிலிருந்த அரிசியை வாயில் போட்டுக்கொண்டு தானும் பாம்பாகிவிடுகிறாள். மீட்பாரின்றி இருவரும் இறந்தனர். அவர்கள் நினைவாகவே இரண்டு கொடிகள்.

எது சரி என்று கேட்பதைவிட, இரண்டு கதைகளும் எதை விளக்க முயல்கின்றன என்று பார்ப்பது பயன் தரும். கம்பமும் இரு கொடிகளும் முன்பே இருந்திருக்க வேண்டும்; அவற்றுக்கு என்ன பொருள் என்று பின்வந்தவர்கள் கேட்டபோது கதைகள் பிறந்திருக்க வேண்டும். ஒரே சடங்குக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு கதைகள் வழங்குவதே இதற்குச் சான்று என்பது என் எண்ணம். நம் கோயில் தலபுராணங்களிலும் இதே போக்கைக் காணலாம்.

கதையை விடுங்கள். வரலாற்றில் இதைத் தொடங்கியவர் யார்?

தொடங்கியவர் ஒருவர் என்று சொல்ல இயலாது. அடுக்கடுக்காக வளர்ந்த விழா இது. 12ஆம் நூற்றாண்டில் ஆனந்த தேவன் என்ற அரசன் பக்தபூரை அரச நகரமாக அமைத்ததாகக் கொள்வர். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பள்ளத்தாக்கு முழுவதற்கும் அதுவே தலைநகர். யட்ச மல்லன் என்ற அரசனின் மறைவுக்குப் பின் அரசு உடைந்து காத்மாண்டு, பாடன், பக்தபூர் என மூன்று மல்ல அரசுகள் ஆயின. மூன்றும் ஒருநாள் நடைத் தொலைவுக்குள் அமைந்து, கோயில் கட்டுவதிலும் விழா எடுப்பதிலும் ஒன்றையொன்று விஞ்ச முயன்றன. இன்று பள்ளத்தாக்கில் நாம் காணும் தேர்விழாக்களின் பொலிவு இந்தப் போட்டியின் விளைவே.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தபூரை ஆண்ட ஜகஜ்யோதி மல்லன், மேஷ சங்கராந்தியன்று பைரவருக்குத் தேர்விழா எடுத்ததாகவும், அதைத் திமிக்கும் விரிவுபடுத்தியதாகவும் வம்சாவளிகள் என்னும் அரச மரபு வரலாறுகள் கூறுகின்றன. இந்த வம்சாவளிகளில் பல 19ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டவை என்பதால், அவற்றின் ஒவ்வொரு சொல்லையும் கல்வெட்டாகக் கொள்ளக் கூடாது. எனினும் தேரை மல்லர் காலத்தோடு இணைக்கும் செய்தி, விழாவின் அமைப்போடு ஒத்துப்போகிறது. அடுத்த பெரிய பெயர் பூபதீந்திர மல்லன் (ஆட்சி 1696–1722). ந்யாதபோல கோயிலை 1702இல் எழுப்பியவரும், பைரவநாதர் கோயிலை மூன்று அடுக்காக உயர்த்தியவரும் அவரே. பைரவரின் சீற்றத்தைத் தணிக்கவே எதிரில் சித்திலட்சுமிக்கு அவ்வளவு உயரமாக ந்யாதபோல எழுப்பப்பட்டது என்பது ஊர் வழக்கு. இன்று தேர் நிற்கும் சதுக்கத்தின் தோற்றம் அவர் கொடுத்தது.

பக்தபூர் பைரவருக்குத் தலை மட்டும்தான் உண்டு, உடல் காசியில் இருக்கிறது என்பது உண்மையா?

கோயிலில் உள்ள மூர்த்தி உடலற்ற சிறு தலை என்பது உண்மை. மற்றது கதை: விழாவைக் காணக் காசியின் பைரவர் மாறுவேடத்தில் வந்தார், தாந்திரிகர்கள் அவரை அடையாளம் கண்டு மந்திரத்தால் கட்ட முயன்றனர், அவர் தரைக்குள் அமிழ்ந்து தப்ப முனைந்தபோது தலையை வெட்டி இங்கேயே நிறுத்திக்கொண்டனர். மற்ற ஊர்களில் தெய்வம் விரும்பிக் குடிகொண்டதாகத் தலபுராணம் இருக்கும். இவர்கள் தெய்வத்தை வலுக்கட்டாயமாக நிறுத்திக்கொண்டதைப் பெருமையாகவே சொல்கின்றனர். 1769இல் கோர்க்கா அரசன் பிருத்வி நாராயண் ஷா நகரைக் கைப்பற்றியபோது, கடைசி மல்ல அரசன் ரணஜித் மல்லன் தன் எஞ்சிய நாள்களைக் கழிக்கச் சென்றதும் அதே காசிக்குத்தான்.

நேவார்களின் புத்தாண்டு தீபாவளியை ஒட்டி வருகிறது என்று படித்தேன். அப்படியானால் ஏப்ரலில் கொண்டாடுவது எதை?

இது நல்ல கேள்வி. விடை சற்று நீளும். நேவார்களுக்கு நேபாள சம்வத் என்று தனி ஆண்டுக்கணக்கு உண்டு. அது கி.பி. 879 அக்டோபரில் தொடங்கியது. சந்திரனை அடிப்படையாகக் கொண்டது. தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் அதன் புத்தாண்டு பிறக்கிறது. அன்று இரவு குடும்பத்தில் ஒவ்வொருவரும் தம் உடலையே வணங்கும் மஹ பூஜை நடைபெறும். மல்லர் காலக் கல்வெட்டுகள் பெரும்பாலும் இந்த ஆண்டுக்கணக்கிலேயே பொறிக்கப்பட்டவை. அதாவது, ஜகஜ்யோதி மல்லனின் அலுவலகக் கணக்குப்படி ஏப்ரலில் எந்த ஆண்டும் பிறக்கவில்லை.

பிஸ்கா ஜாத்திரை அன்றும் சூரியனின் சங்கராந்தி விழாவாகவே இருந்தது. நேவார்களின் விழாக்களில் பெரும்பாலானவை திதியைப் பார்த்து வருபவை. சூரியக் கணக்கில் வரும் சிலவற்றுள் இதுவே மிகப் பெரியது. நேபாள அரசு விக்கிரம சம்வத்தை அலுவல் நாட்காட்டியாக ஏற்றது பரம்பரைப் பிரதமர்களான ராணாக்களின் ஆட்சியில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதன்பின்தான் வைசாகம் முதல் தேதி நாடு முழுவதற்கும் புத்தாண்டாகியது. பக்தபூரின் சங்கராந்தி விழாவும் 'புத்தாண்டு விழா' என்ற பெயரைப் பெற்றது. பழைய நேபாள சம்வத்தை அரசு மீண்டும் தேசிய ஆண்டுக்கணக்காக ஏற்றது 2008இல்.

எனவே 'மல்லர் காலம் முதல் கொண்டாடப்படும் புத்தாண்டு' என்ற வாக்கியத்தில், கொண்டாட்டம் பழையது. புத்தாண்டு என்ற அடையாளம் அதைவிட இளையது.

அரசர்களே இல்லாத நாட்டில் இந்த விழாவுக்கு யார் செலவு செய்கிறார்கள், யார் முன்னின்று நடத்துகிறார்கள்?

கோயில்களுக்கும் விழாக்களுக்கும் எழுதிவைக்கப்பட்ட நிலங்களையும் அவற்றை நிர்வகிக்கும் குழுக்களையும் 'குத்தி' என்பர். நம் கோயில் மானியத்தோடு ஒப்பிடலாம். 1964இல் அரசு குத்தி சன்ஸ்தான் என்ற நிறுவனத்தை அமைத்துப் பல குத்திகளை அதன்கீழ்க் கொண்டுவந்தது. தேருக்கும் கம்பத்துக்குமான மரம், பூசைச் செலவு ஆகியவை அதன் பொறுப்பு. ஆனால் விழா நடப்பது பணத்தால் மட்டும் அன்று. தச்சர், அர்ச்சகர், இசைப்பவர், வடம் பிடிக்கும் உழவர் என ஒவ்வொரு குடியினருக்கும் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்ட பணி உண்டு. பிரதிநிதி வடிவில் அரசரும் இன்னும் வருகிறார்: அரண்மனைத் தெய்வமான தலேஜுவின் அர்ச்சகர் மல்ல அரசரின் வாளோடு தேரில் ஏறுவார். மல்லர் ஆட்சி 1769இல் முடிந்தது, முடியாட்சியே 2008இல் முடிந்தது; வாள் மட்டும் தேரேறிக்கொண்டிருக்கிறது.

2015 நிலநடுக்கத்தில் இதெல்லாம் அழிந்துவிடவில்லையா?

அந்த ஆண்டு புத்தாண்டு ஏப்ரல் 14. நிலநடுக்கம் ஏப்ரல் 25. விழா முடிந்து ஒரு வாரத்தில் நகரம் குலுங்கியது. அரண்மனைச் சதுக்கத்தின் வத்சலா தேவி கோயில் இடிந்தது, ஏராளமான வீடுகள் சரிந்தன, உயிரிழப்பும் பெரிது. ந்யாதபோல நிலைத்து நின்றது. 1934 நிலநடுக்கத்தில் பைரவநாதர் கோயில் இடிந்து மீண்டும் கட்டப்பட்டது என்பதால், இந்த ஊருக்கு இடிவதும் எழுப்புவதும் புதிதன்று. அடுத்த ஆண்டும் தேர் ஓடியது. 2020இல்தான், பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால், கூட்டமும் தேர் இழுப்பும் இல்லாமல் போயின.

நாக்கில் ஊசி குத்திக்கொள்வதைப் படத்தில் பார்த்தேன். அதுவும் இதே விழாவா?

அது போடே என்ற பக்கத்துச் சிற்றூரில், வைசாகம் இரண்டாம் தேதி நடப்பது. நோன்பிருந்த ஒருவர், பல நாள் எண்ணெயில் ஊறவைத்த நீண்ட இரும்பு ஊசியை நாக்கில் குத்திக்கொண்டு, எரியும் தீப்பந்தங்கள் பொருத்திய மூங்கில் சட்டத்தைத் தோளில் தாங்கி ஊரைச் சுற்றி வருவார். இறுதியில் மகாலட்சுமி கோயிலில் ஊசியை எடுத்து, கோயில் மண்ணைக் காயத்தில் வைப்பர். இரத்தம் வராவிட்டால் ஊருக்கு நன்மை என்பது நம்பிக்கை. அலகு குத்துவதை அறிந்த தமிழருக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் போடேயில் அது தனிமனித நேர்த்திக்கடன் அன்று, ஊருக்காக ஒருவர் ஏற்கும் கடமை.

அதே நாள் காலையில் திமியில் சிந்தூர ஜாத்திரை. முப்பத்திரண்டு பல்லக்குகள் பாலகுமாரி கோயிலைச் சுற்றிவர, 'திமே' என்னும் பெரிய மேளம் அதிர, ஒருவர்மீது ஒருவர் செம்மஞ்சள் நிறச் சிந்தூரத்தை அள்ளி வீசுவர். வெள்ளைச் சட்டை அணிந்து செல்லாதீர்கள்.

பலி கொடுப்பார்களா? நாங்கள் சைவம், குழந்தைகளும் உடன் வருகிறார்கள்.

கொடுப்பார்கள். பைரவருக்கும் தேருக்கும் ஆடும் சேவலும் பலியிடப்படும். அது மறைவாக நடப்பதும் இல்லை. காண விரும்பாதவர்கள் பூசை நேரத்தில் தேரின் அருகே நிற்காமல் இருந்தால் போதும். உணவுக்குக் கவலை வேண்டா. வீட்டு விருந்துகளில் அவலோடு எருமை இறைச்சியும் 'ஐலா' என்ற சாராயமும் இருக்கும் என்றாலும், கடைகளில் சைவ உணவு எளிதில் கிடைக்கும். மண்சட்டியில் உறையவைத்த 'ஜுஜு தௌ' தயிர் பக்தபூருக்கே பெயர் பெற்றது. கெட்டியாகவும் சற்று இனிப்பாகவும் இருக்கும்.

முக்திநாத் போகும் வழியில் இதையும் பார்க்கலாமா? ஆபத்தானது என்கிறார்களே?

பார்க்கலாம். இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ போதும். பழைய நகருக்குள் வெளிநாட்டவர் நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். இந்தியா, இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டவர்க்குக் கட்டணம் குறைவு. ஒரே நாள்தான் கைவசம் என்றால் ஆண்டின் கடைசி நாளையோ வைசாகம் முதல் தேதியையோ தேர்ந்தெடுங்கள். இரண்டு நாள் என்றால் திமியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆபத்து என்பது மிகையன்று. சக்கரத்தில் சிக்கியும் கம்பம் விழுகையிலும் மக்கள் காயமடைந்திருக்கின்றனர். சில ஆண்டுகளில் உயிரிழப்பும் நேர்ந்துள்ளது. தேருக்கு முட்டுக்கட்டை போட்டு உடனே நிறுத்தும் வசதியை எதிர்பார்க்காதீர்கள். சரிவில் இறங்கும்போது அது தன் விருப்பப்படியே ஓடும். முதல் நாள் தேரிழுப்பைத் தௌமதியின் மாடி உணவகங்களிலிருந்து பார்ப்பதே நல்லது. அங்கு இடம் பிடிக்க நண்பகலிலேயே செல்ல வேண்டும். யோசின்கேல் திடலில், கம்பத்தின் நீளத்தைப்போல் இரு மடங்கு தள்ளி நில்லுங்கள். வடம் செல்லும் பாதையில் குழந்தைகளை நிறுத்த வேண்டா.

கடைசியாக ஒன்று. அவர்களுக்குப் புத்தாண்டு பிறப்பது நள்ளிரவிலா, சூரியன் உதிக்கும்போதா, கம்பம் விழும்போதா?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அரசு அலுவலகத்துக்குத் தேதி நள்ளிரவில் மாறுகிறது. பஞ்சாங்கம் பார்ப்பவருக்கு, மேலே நான்காவது கேள்வியில் சொன்னபடி, சூரியன் ராசி மாறும் நொடியே கணக்கு. பக்தபூர்க்காரரைக் கேட்டால், வைசாகம் முதல் தேதி மாலையில் யோசின் தரையைத் தொடும்போதுதான் பழைய ஆண்டு ஒழிந்தது என்பார். வடங்களை இருபுறமும் மாறிமாறி இழுத்துக் கம்பத்தை ஆட்டி ஆட்டிச் சாய்ப்பதால் நேரம் முன்னதாகத் தெரியாது. சில ஆண்டுகளில் விரைவில் விழும், சில ஆண்டுகளில் இருட்டும் வரை நிற்கும்.